சைக்கிளில் அடிபட்டு நஷ்டஈடு வாங்கிய கதை

சைக்கிளுக்குக் காப்புறுதி கிடையாது, அதனால் அடிபட்டாலும் ஒன்றும் தேறாது என்று என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் நம்புகிறார்கள். நான் தோளில் கட்டோடு படுத்திருந்தபோது பார்க்க வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். "உயிர் தப்பினதே பெருசு, விடு" என்று ஆறுதல் வேறு. ஆனால் காசு வரவேண்டியது நம் காப்புறுதியிலிருந்து இல்லை, இடித்த வண்டியின் காப்புறுதியிலிருந்து. சிங்கப்பூரில் சாலையில் ஓடும் மோட்டார் வாகனம் எதுவானாலும், அதனால் அடுத்தவருக்கு ஏற்படும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் ஈடுகொடுக்கும் காப்புறுதி கட்டாயம் இருக்கவேண்டும். நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர் எல்லாரும் அந்த 'அடுத்தவர்' கணக்கில் வருவோம். இதை என் வழக்கறிஞர் முதல் சந்திப்பிலேயே தெளிவுபடுத்திவிட்டார். இதை எழுத உட்கார்ந்ததும் இதற்காகத்தான்.

விபத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லோயாங் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. வீடு தெம்பனிஸில். மாலை ஏழு மணிக்குச் சற்று முன், தூறலில், இடது ஓரத் தடத்தில் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். என்னை முந்திப் போன கார் சந்திப்பில் அப்படியே எனக்குக் குறுக்கே இடது பக்கம் வளைந்தது. பிரேக் பிடித்தும் பின்கதவில் போய் மோதி, வலது தோள் தரையில் இடிக்க விழுந்தேன். ஓட்டுநர் இறங்கி ஓடிவந்தார். நல்ல மனுஷன்தான், கையெல்லாம் நடுங்கியது அவருக்கு. பர்சிலிருந்து ஐம்பது வெள்ளி (டாலர்) தாள்கள் ஆறை எடுத்து நீட்டி, "நாமே பேசி முடித்துக்கொள்ளலாமே" என்றார். வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டிருந்தாலும் கை எழும்பியிருக்காது. பின்னால் வந்த டாக்சி அங்கிள் அதற்குள் ஆம்புலன்ஸுக்கான 995-க்கு அழைத்துவிட்டார்.

அந்த அங்கிளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை குடை பிடித்துக்கொண்டு நின்றார். கிளம்பும் முன் என் கைத்தொலைபேசியில் தன் எண்ணைப் போட்டுக் கொடுத்து, தன் டாக்சியின் முன்கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கும் என்றார். அந்தக் கேமராக்கள் அட்டை நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேல் புதியதை எழுதும். டாக்சி மாதிரி நாள் முழுக்க ஓடும் வண்டியில் சில நாளிலேயே போய்விடும். என் மனைவி அன்று இரவே மருத்துவமனையிலிருந்து அவருக்குச் செய்தி அனுப்பி, காணொளியை வாங்கி வைத்துவிட்டாள். பின்னால் நடந்த வாதத்தில் பாதியை அந்த அரை நிமிடக் காணொளிதான் தீர்த்து வைத்தது.

காறை எலும்பு முறிந்திருந்தது. கழுத்துக்குக் கீழே தோளுக்குக் குறுக்கே போகிறதே, அதுதான். துண்டுகள் விலகியிருந்ததால் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். மணிக்கட்டில் சுளுக்கு, முழங்காலில் சிராய்ப்பு. தலைக்கவசம் ஓரத்தில் பிளந்திருந்தது. அதைத் தூக்கிப் போட வேண்டாம் என்று தாதி ஒருவர் சொன்னார். அப்போது அது வெறும் குப்பையாகத்தான் தெரிந்தது.

காயம் ஏற்பட்ட விபத்து என்பதால் போலிஸ் தகவல் தானாகவே போய்விட்டது. ஆனாலும் என் தரப்பை நானே புகாராகப் பதிய வேண்டியிருந்தது. சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளக் கணக்கு) வைத்து இணையத்திலேயே செய்யலாம். பிறகு ஊபியில் இருக்கும் போக்குவரத்துப் போலிஸ் தலைமையகத்திலிருந்து வாக்குமூலம் கொடுக்க அழைத்தார்கள். இங்கே ஒரு குழப்பம் பலருக்கும் உண்டு. போலிஸ் விசாரணை, ஓட்டுநர் மீது நடவடிக்கை எடுக்கலாமா என்று பார்ப்பதற்கு. நம் மருத்துவச் செலவை வாங்கித் தருவது அவர்கள் வேலை இல்லை. அது தனி வழி, உரிமையியல் கோரிக்கை. ஓட்டுநர் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானால் அதை நம் வழக்கில் சான்றாகக் காட்டலாம். அதற்காகக் காத்துக்கொண்டே கோரிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் உடற்காயத்துக்கான வழக்கை 3 ஆண்டுக்குள் தொடுத்தாக வேண்டும். அப்புறம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் பயனில்லை.

வழக்கறிஞரைத் தேடுவதற்குள் வேறு ஒருவர் எங்களைத் தேடி வந்துவிட்டார். நண்பரின் நண்பர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கோப்பிக்கடையில் சந்திக்கச் சொன்னார். "ஒரு காசு நீங்க குடுக்க வேணாம்ணே, வர்றதுல முப்பது பர்சென்ட் மட்டும் எடுத்துக்குவோம், இதுல ஒரு கையெழுத்து போடுங்க." கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போனபோதுதான் தெரிந்தது: இதுபோன்ற காய வழக்குகளில் கிடைக்கும் நஷ்டஈட்டில் பங்கு என்று வழக்கறிஞர் பேசிக்கொள்ள இங்கே சட்டம் இடம் தருவதில்லை. வழக்கறிஞரல்லாத இடைத்தரகருக்கு இதில் ஒரு வேலையுமில்லை. அதே ஆலோசனையில், இதைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் கொண்டுபோக முடியாது என்று தெரிந்துகொண்டோம். நான் அங்கேதான் போவதாக இருந்தேன். 60,000 வெள்ளிக்கு உட்பட்டதென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் மாவட்ட நீதிமன்றம். சாலை விபத்து வழக்கென்றால் மாவட்ட நீதிமன்றத்தின் வரம்பு 500,000 வெள்ளிவரை நீள்கிறது.

அரசு நீதிமன்றங்களின் இணையப் பக்கத்தில் மோட்டார் விபத்துக்கென்றே ஒரு கணிப்புச் சேவை இருக்கிறது, இலவசம்தான். விபத்து நடந்த விதத்தையும் காயங்களையும் தேர்ந்தெடுத்தால், பொறுப்பு யாருக்கு எவ்வளவு, தொகை எந்த அளவில் இருக்கலாம் என்று உத்தேசமாகக் காட்டும். வழக்கறிஞரைப் பார்க்கும் முன் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டு போனது நல்லதாயிற்று. பேச்சு எங்கிருந்து தொடங்குகிறது என்றாவது தெரிந்திருந்தது.

அந்தக் காரின் காப்புறுதி நிறுவனம் எது என்பதை வழக்கறிஞர் அலுவலகமே கண்டுபிடித்தது. அவர்கள் கடிதம் போடுவதற்கு முன்பே அந்த நிறுவனத்திலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. மிகவும் கனிவான குரல். மருத்துவ ரசீதுகளுக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து ஒரு தொகை தருகிறோம், ஓர் ஒப்புதல் பத்திரம் அனுப்புகிறோம், கையெழுத்துப் போட்டால் இரண்டு வாரத்தில் காசோலை. பத்திரத்தை வழக்கறிஞர் அம்மா படித்துவிட்டு ஒரே ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். இந்த விபத்தால் இப்போது தெரிந்த, இனிமேல் தெரியவரும் எல்லாக் கோரிக்கைகளும் இத்தோடு முழுமையாக முடிந்தன என்று இருந்தது. "உங்க தோள்ல தகடு இன்னும் இருக்கு. அதை எடுக்கணும்னா யார் காசு?" என்று கேட்டார்.

உண்மையில் எனக்கு அது தோன்றவே இல்லை. தகடு உள்ளேயே இருக்கலாம், உறுத்தினால் எடுக்கலாம் என்றுதான் மருத்துவர் சொல்லியிருந்தார். என் வேலையோ பெட்டி தூக்குவது. தோள்பட்டையில் வார் அழுத்தும்போதெல்லாம் தகட்டின் விளிம்பு தோலுக்கடியில் தட்டுப்படும். ஆகவே எலும்பு நன்றாகக் கூடும்வரை பொறுத்து, சிறப்பு மருத்துவரின் அறிக்கையில் தகட்டை எடுக்கும் அறுவைச் சிகிச்சைக்கான உத்தேசச் செலவையும் எழுதி வாங்கினோம். அந்த அறிக்கைக்கு மருத்துவமனையில் தனிக் கட்டணம். விண்ணப்பித்தால் வாரக்கணக்கில் ஆகிறது. எதிர்த்தரப்பும் தங்கள் மருத்துவரிடம் என்னை அனுப்பிப் பரிசோதித்தது. கையை மேலே தூக்கு, பின்னால் கொண்டுபோ, எங்கே வலிக்கிறது என்று எல்லாம் அளந்து குறித்தார்கள்.

எதற்கெல்லாம் கேட்கலாம் என்பதில் இரண்டு வகை. வலி, வேதனை, முன்புபோல் தோளைப் பயன்படுத்த முடியாமை, இதற்கெல்லாம் ரசீது கிடையாது. முந்தைய தீர்ப்புகளையும், நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும் வழிகாட்டிக் கணக்கையும் வைத்துப் பேசுவார்கள். மற்றது ரசீது உள்ள செலவு: மருத்துவம், உடற்பயிற்சிச் சிகிச்சை, போக்குவரத்து, சைக்கிள், போன வருமானம். டாக்சிச் செலவுக்குச் செயலியில் இருந்த பயண வரலாறே போதுமானதாக இருந்தது. தேதியும் இடமும் மருத்துவமனைச் சந்திப்போடு பொருந்தின. சைக்கிள் கடைக்காரர் பழுதுபார்க்க ஆகும் செலவை எழுதிக் கொடுத்தார், அதில் பழசு என்று கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள். அத்தை மட்டும் கடைசிவரை ஒரு கேள்வியை விடவில்லை. எலும்பு கூடுவதற்காக டெக்கா சந்தையில் வாரம் தவறாமல் ஆட்டுக்கால் வாங்கிச் சூப்பு வைத்தாரே, அந்தக் கணக்கு என்னாயிற்று என்று. வழக்கறிஞர் அம்மா சிரித்துவிட்டு, தனக்கும் ஒரு கிண்ணம் வேண்டும் என்றார்.

வருமானத்தில்தான் எனக்குச் சிக்கல். எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்த நாட்களுக்கு நிறுவனம் அடிப்படைச் சம்பளம் கொடுத்துவிட்டது, ஆகவே அதை இழப்பு என்று கேட்க முடியாது. ஆனால் எங்கள் மாதிரி ஆட்களுக்கு வீடு ஓடுவதே ஓடி என்கிற கூடுதல் நேர வேலைக் காசிலும் இரவு ஷிஃப்ட் படியிலும்தானே. 2016 முதல் விவரமான சம்பளச் சீட்டு கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருப்பதால், ஓடி எவ்வளவு, படி எவ்வளவு என்று மாதாமாதம் தனித்தனியாக அச்சில் இருந்தது. விபத்துக்கு முந்தைய மாதங்களின் சராசரியை எடுத்து, அதிலிருந்து இழப்பைக் கணக்கிட்டார்கள். சீட்டைக் குப்பையில் போடும் பழக்கம் உள்ள தம்பிகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இடையில் ஒன்று. எனக்கு விபத்து வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நடந்தது, அதனால் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் எனக்குப் பொருந்தவில்லை. வேலை நேரத்தில், வேலைக்காகவே சைக்கிளில் போகும்போது அடிபட்டவர்கள் முதலில் அந்த வழியைப் பார்க்கவேண்டும். அங்கே யார்மேல் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. செயலி வழியாக உணவு விநியோகம் செய்யும் தளத்தொழிலாளர்களுக்கும் 2025 ஜனவரி முதல் அந்தப் பாதுகாப்பு வந்துவிட்டது.

சரி, பொறுப்பு விவகாரத்துக்கு வருவோம். எதிர்த்தரப்பின் வாதம் எனக்கு முதலில் கோபத்தைத்தான் கிளப்பியது: கார் உங்கள்மேல் மோதவில்லை, நீங்கள்தான் காரின் பின்கதவில் மோதினீர்கள். மழை இருட்டில் விளக்கும் இல்லை. ஆகவே நாற்பது சதவீதப் பொறுப்பு உங்களுக்கு. இந்தச் சதவீதத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வலிக்கான தொகையில் மட்டுமில்லை, மருத்துவச் செலவு உட்பட ஒவ்வொரு வரியிலும் அது கழியும். சைக்கிளில் விளக்கு எரியவேண்டும் என்று சட்டம் சொல்வது இரவு 7 முதல் காலை 7 வரை. எனக்கு விபத்து அதற்கு முன். அதோடு டாக்சி அங்கிளின் காணொளியைப் பெரிய திரையில் போட்டபோது, ஈரச் சாலையில் என் பின்விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டு போவது தெளிவாகத் தெரிந்தது. கார் முந்துவதும், திரும்பும் விளக்கு போட்ட மறுநொடியே வளைவதும் தெரிந்தன. தலைக்கவசம் பற்றியும் கேட்டார்கள். சாலையில் ஓட்டுபவர்களுக்கு 2019 முதல் அது கட்டாயம். பிளந்த தலைக்கவசத்தின் படம் அப்போதுதான் வேலைக்கு வந்தது.

வழக்கு பதிவான பிறகு, விசாரணைக்குப் போகுமுன் நீதிமன்றத்திலேயே ஒரு சமரசக் கட்டம் இருக்கிறது. நீதிபதி ஒருவர் இரு தரப்பு வாதங்களையும் ஆவணங்களையும் பார்த்து, இது விசாரணைக்குப் போனால் பொறுப்பு ஏறத்தாழ இப்படிப் பிரியலாம் என்று தன் கணிப்பைச் சொல்வார். அந்தக் கணிப்பை ஏற்கவேண்டிய கட்டாயமில்லை, ஆனால் அதைக் கேட்ட பிறகு பிடிவாதம் பிடிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. எனக்கு அவர் சொன்னது கார் 90, சைக்கிள் 10. அந்தப் பத்து எதற்கு என்று நான் முணுமுணுத்தேன். சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்திருக்கலாமாம். பத்துக்காக விசாரணைவரை போனால் செலவும் காலமும் அதைவிட அதிகமாகும் என்று வழக்கறிஞர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒத்துக்கொண்டேன். இப்போதும் அந்தப் பத்து நியாயமென்று எனக்குப் படவில்லை.

எவ்வளவு கிடைத்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். சொல்லப்போவதில்லை. என் எலும்புக்கும் என் சம்பளத்துக்கும் வந்த தொகை அடுத்தவருக்கு அளவுகோலாகாது. தீர்வுத் தொகைக்கு மேல் எதிர்த்தரப்பு வழக்குச் செலவில் ஒரு பகுதியைத் தந்தது. வழக்கறிஞர் கட்டணத்தில் மீதியை நான் கட்டினேன். கையெழுத்துப் போடும்முன் அந்தக் கழிவையும் சேர்த்து கைக்கு என்ன வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்கியிருந்ததால் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டிய மருத்துவமனைச் செலவுக்கான பணம் என் கைக்கு வரவில்லை, மெடிசேவுக்கே திரும்பப் போனது. தகடு எடுப்பதற்கான தொகையை மனைவி தனிக் கணக்கில் போட்டுவிட்டாள். தீபாவளி கழிந்ததும் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அப்போது எடுக்கும் எம்சியில் போகும் ஓடியையும் கேட்டிருந்தோம், அதை மட்டும் கடைசிவரை அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.