43 பில்கள்: கடைக்குக் கணக்கு மென்பொருள் வாங்கிய அனுபவம்

கோவில்பட்டியில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. சிமென்ட், கம்பி, ஒயர், பைப், ஆணி, பெயின்ட் எல்லாம் உண்டு. அப்பா ஆரம்பித்த கடை. அவர் காலத்தில் பேரேடுதான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது என்று ஆகி, மறு வருஷம் அவசர அவசரமாக ஒரு மென்பொருள் வாங்கினோம்.

அந்த முதல் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். விற்க வந்தவர் தன் லேப்டாப்பைக் கல்லா மேஜையில் வைத்து அரை மணி நேரம் காட்டினார். பொருள் பெயரை அடித்தார், விலை வந்தது, பில் வந்தது, வரி தானாகப் பிரிந்தது. அப்பாவுக்கும் எனக்கும் பிடித்துவிட்டது. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தோம். அவர் காட்டியது செல்போன் கடை ஒன்றின் மாதிரிக் கணக்கு என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அதில் எல்லாமே எண்ணிக்கையில் விற்கிற சரக்கு. எங்கள் கடையில் கம்பி டன்னில் வந்து எண்ணிக்கையில் போகும். ஒயர் காயிலாக வந்து மீட்டரில் போகும். ஆணி மூட்டையாக வந்து கால் கிலோவில் போகும். ஏழு வருஷம் அந்த மென்பொருளில் கம்பி இருப்பு ஒரு நாள்கூட சரியாகக் காட்டியதில்லை. கணக்குப்பிள்ளை அண்ணாச்சி தனி நோட்டுப் போட்டுத்தான் சமாளித்தார்.

2025-ல் அதைக் கைவிடுவது என்று முடிவானபோது, இந்தத் தடவை எங்கள் சரக்கை எங்கள் ஆட்களே போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுப்பதில்லை என்று நான் உறுதியாக இருந்தேன்.

முதலில் ஒரு பில் புத்தகத்தை எடுத்தேன். எங்களுக்குத் திங்கட்கிழமை காலைதான் கூட்டம். எட்டரைக்கே கொத்தனார்கள் வந்துவிடுவார்கள், ஒவ்வொருவருக்கும் வண்டி நிற்கும். ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை இரண்டரை மணி நேரத்தில் போட்ட பில்கள் 43. கடன் பில், பாதி ரொக்கம் பாதி ஜிபே, வீட்டுக்காரர் பெயரில் பில் போட்டு கொத்தனார் எடுத்துப்போன சரக்கு, மீதிச் சிமென்ட் திருப்பி வந்தது, ரேட்டில் சண்டை போட்டுக் குறைத்தது என எல்லா வகையும் அதில் இருந்தன. அந்த 43 பில்லையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டேன். எந்த மென்பொருளாக இருந்தாலும் இந்த 43-ஐயும் போட்டுக் காட்ட வேண்டும்.

அப்படியும் ஒரு தப்பு செய்தேன். இணையத்தில் இயங்கும் ஒரு மென்பொருளுக்கு உடனே பதிவு செய்துவிட்டேன். 14 நாள் இலவசம். பொருள் பட்டியலை ஏற்றவே ஒன்பது நாள் போய்விட்டது. ஒரே ஆணிக்கு மூன்று பெயர், பாதிப் பொருளுக்கு எச்எஸ்என் எண் (ஜிஎஸ்டிக்கான பொருள் வகை எண்) இல்லை, வாடிக்கையாளர் பட்டியலில் பத்துப் பன்னிரண்டு முருகன்கள். மிச்சம் ஐந்து நாளில் என்ன பார்க்க முடியும்? அதை அப்படியே விட்டுவிட்டு, ஜூலை முழுக்க எக்செலில் பட்டியலைச் சுத்தம் செய்தோம். பதிவு செய்த அன்றைக்கே நாள் ஓட ஆரம்பித்துவிடும். பட்டியல் கையில் தயாராக இருந்தால்தான் பதிவு பண்ண வேண்டும்.

டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளுக்கு அந்த நெருக்கடி இல்லை. அதில் கல்விப் பயன்முறை ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமலே எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும். பழகுவதற்கு அது போதும். 43 பில்லையும் 1-ஆம் தேதியிலேயே போட்டோம். திரும்பி வந்த சரக்கை 2-ஆம் தேதியில் போட்டோம். தேதி வாரியாகப் பாக்கி பார்ப்பது மட்டும் இதில் சரியாகத் தெரியாது.

அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். இஆர்பிநெக்ஸ்ட் என்ற திறமூல மென்பொருளைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு நிறுவிக் கொடுத்தான். மும்பையில் உள்ள ஃபிராப்பே நிறுவனம் உருவாக்கியது. மூல நிரலே திறந்து கிடப்பதால் நாள் கணக்கு என்ற பேச்சே இல்லை. அதில் ஒரு பில்லைச் சமர்ப்பித்துவிட்டால் அழித்துத் திருத்த முடியாது. ரத்து செய்துவிட்டு, திருத்திய பில்லைப் புதிதாகப் போட வேண்டும். எனக்கு அது மிகவும் பிடித்தது. பில் போடும் தங்கச்சிக்குப் பிடிக்கவில்லை. "அண்ணே, ஆறு பேரு முன்னால நிக்கும்போது இத்தனை இடத்துல அமுக்கச் சொன்னா எப்படிண்ணே?" என்று கேட்டாள். அவள் சொன்னது நியாயம். தவிர, அக்கா மகன் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டால் அந்தக் கம்ப்யூட்டரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கும் எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அந்த மூன்று வாரம் வீண் போகவில்லை. மற்ற மென்பொருள்காரர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

கம்பிக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எங்களுக்கு எல்லாம் அதில்தான் நின்றது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 எம்எம் என்றால் 64-ஐ 162-ஆல் வகுக்க, 0.395 கிலோ. ஒரு கம்பி 12 மீட்டர், ஆக 4.74 கிலோ. இது ஏட்டுக் கணக்கு. லாரியில் வருகிற கம்பி கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். இரண்டு டன் இறக்கினால் கணக்குப்படி 422 கம்பி வர வேண்டும், எண்ணிப் பார்த்தால் 428 இருக்கும். எடைமேடைச் சீட்டுப்படி காசு கொடுக்கிறோம், எண்ணி விற்கிறோம். ஆகவே ஒவ்வொரு கொள்முதலிலும் கிலோவும் எண்ணிக்கையும் இரண்டையும் நாமே அடிக்க முடிய வேண்டும். பார்த்ததில் ஒரு மென்பொருளில் ஒரு கம்பி 4.74 கிலோ என்று ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான். 422-வது கம்பியை விற்றதும் இருப்பு மைனஸில் போய்விட்டது, குடோனில் ஆறு கம்பி கிடக்கிறது. நாங்கள் ஏழு வருஷம் பட்ட பாடு அதே பாடுதான். விற்பனையாளர் போனில், "பொருளை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள் சார்" என்றார். அன்றோடு அதை மூடிவிட்டேன்.

ஒயரிலும் இதே மாதிரி ஒரு சோதனை. 90 மீட்டர் காயிலில் 37 மீட்டர் வெட்டிக் கொடுத்தால் மீதி 53 மீட்டரைத் தனித் துண்டாகக் காட்டுகிறதா என்று பார்த்தோம். ஒன்றில் மட்டும் சரியாக வந்தது.

இன்னொரு விஷயத்தில் நாங்கள் பயந்தே போனோம். ஒரு சோதனைப் பதிப்பில் எங்கள் உண்மையான ஜிஎஸ்டி எண்ணையும் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக அரசுத் தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) இணைப்பையும் கொடுத்து வைத்திருந்தேன். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். கம்பி லோடு ஒன்றைச் சோதனைக்குப் போட்டபோது நிஜமாகவே இ-வே பில் உருவாகிவிட்டது. இல்லாத லாரி, போகாத சரக்கு. நல்லவேளை, 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம் என்பதால் ஆடிட்டரைக் கேட்டு அன்று மாலையே ரத்து செய்தோம். தயவுசெய்து இதில் கவனமாக இருங்கள். விற்பனையாளரிடம் சான்ட்பாக்ஸ் என்கிற சோதனைத் தளத்தைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அந்த இணைப்பையே கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர்களின் போன் எண்களையும் அதற்கப்புறம் நாங்கள் உண்மையாக ஏற்றவில்லை. நம்மை நம்பிக் கொடுத்த எண்களை வாங்கப்போவதே நிச்சயமில்லாத மென்பொருளில் கொட்டுவது சரியில்லை.

ஆகஸ்ட்டில் சாத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். அண்ணனின் சிநேகிதர் கடை, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த மென்பொருள்களில் ஒன்றை மூன்று வருஷமாக ஓட்டுகிறார். விற்பனையாளர் தானே கூட்டிப்போகிறேன் என்றார். வேண்டாம் என்று தனியாகப் போனேன், காலை பத்து மணிக்கு, கூட்ட நேரத்தில். ஓரமாக ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். பில் போடுகிறவர் பக்கத்தில் ஒரு பழைய நோட்டு இருந்தது. அதில் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். திரும்பி வருகிற சரக்கை அதில் எழுதிவைத்து ராத்திரி ஏற்றுவாராம், பகலில் ஏற்ற நேரம் பிடிக்கிறதாம். இந்த ஒரு தகவல் எந்த டெமோவிலும் கிடைத்திருக்காது.

செப்டம்பர் வந்தபோது இரண்டு மிஞ்சியிருந்தன. ஒன்று எங்கள் கம்ப்யூட்டரிலேயே இயங்குவது, இன்னொன்று இணையத்தில் இயங்குவது. அந்த நேரத்தில்தான், செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி வரி அடுக்குகளை மாற்றியது. சிமென்ட் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, செப்டம்பர் 22 முதல் அமல். அது திங்கட்கிழமை வேறு. இரண்டு மென்பொருளையும் சோதிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று கணக்குப்பிள்ளை அண்ணாச்சிதான் சொன்னார்.

பழைய மென்பொருளில் நிஜ பில் போட, பின்னால் இரண்டு கம்ப்யூட்டரில் அதே பில்களைத் தங்கச்சியும் நானும் போட்டுக்கொண்டே வந்தோம். இரண்டிலும் 22-ஆம் தேதி முதல் 18 சதவீதம் என்று முன்கூட்டியே வைத்திருந்தோம். புது பில்லில் இரண்டுமே சரியாகக் காட்டின. சிக்கல் 25-ஆம் தேதி வந்தது. 15-ஆம் தேதி சிமென்ட் வாங்கின வீட்டுக்காரர் ஒருவர் ஆறு மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவருக்கு 28 சதவீதத்தில் பில் போட்டிருந்தோம். அந்தப் பில்லின் பேரில் போடுகிற கிரெடிட் நோட்டும் (திரும்பி வந்த சரக்குக்கான வரவுச் சீட்டு) 28-ல்தான் இருக்க வேண்டும். ஒரு மென்பொருள் பழைய பில்லைக் கூப்பிட்டதும் 28-ஐத் தானாக எடுத்துக்கொண்டது. இன்னொன்று அன்றைய தேதிக்குரிய 18-ஐப் போட்டது. கையால் மாற்றலாம்தான். ஆனால் திங்கட்கிழமை காலையில் யார் ஞாபகம் வைத்து மாற்றுவார்?

அதே வாரம் ரோட்டில் பள்ளம் தோண்டியதில் எங்கள் தெருவில் நெட் போய்விட்டது. இணைய மென்பொருளைச் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினோம். ஓடியது, ஆனால் மெதுவாக. இரண்டாவது இணைப்பு ஒன்று வைத்துக்கொள்ள முடிகிறவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை.

பணம் கொடுக்கும் முன் மூன்று வேலை செய்தோம். சோதனையில் ஏற்றிய அத்தனை கணக்கையும், பார்ட்டி பாக்கி, இருப்பு, பில் உட்பட, எக்செலில் வெளியே எடுத்துப் பார்த்தோம். முதல் மென்பொருளிலிருந்து எதையும் எடுக்க முடியாமல் ஏழு வருஷக் கணக்கைத் தாள் பார்த்து ஏற்றின வேதனை அப்படி. அப்புறம் பேக்கப் எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தோம். கடைசியாக, நம்முடைய பிரிண்டரிலேயே தமிழில் பொருள் பெயர் அடித்துப் பார்த்தோம். முதல் தடவை தெர்மல் பிரிண்டரில் கட்டம் கட்டமாக வந்தது. விற்பனையாளர் வந்து எழுத்துருவை மாற்றிச் சரி செய்து கொடுத்தார். விற்ற பிறகு கூப்பிட்டிருந்தால் அத்தனை சீக்கிரம் வந்திருப்பாரா என்று சந்தேகம்தான்.

விலையை எழுத்தில் கேட்டோம். லைசென்ஸ், இரண்டாவது கம்ப்யூட்டருக்குக் கூடுதல், வருஷாவருஷம் புதுப்பிக்கும் கட்டணம், வாட்ஸ்அப்பில் பில் அனுப்புவதற்கு, பழைய கணக்கை ஏற்றித் தருவதற்கு எனத் தனித்தனியாக. வாயால் சொன்னபோது இதில் இரண்டு விஷயங்கள் இலவசம் என்றிருந்தார்கள். எழுத்தில் வந்தபோது இரண்டுக்கும் தொகை இருந்தது. பேசி ஒன்றைக் குறைத்தோம்.

எதை வாங்கினோம் என்று கேட்கிறவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை. எங்கள் கம்பிக்கும் கிரெடிட் நோட்டுக்கும் சரியாக வந்தது மருந்துக் கடைக்குச் சரியாக வராது. அங்கே பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும்தான் முதல் சோதனை.

அக்டோபர் 1 ஆயுத பூஜை. கடை வியாபாரத்தை நிறுத்தி, காலையிலிருந்து இருப்பு எண்ணினோம். 8 எம்எம் கம்பி மட்டும் மூன்று தடவை எண்ணினோம். அப்பா தன் பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு, அச்சடித்த பாக்கிப் பட்டியலை வரி வரியாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். இரண்டு மணி நேரம் ஆனது. ஒரே முருகனுக்கு இரண்டு கணக்கு இருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். சேர்த்துவிட்டு, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். மறுநாள் விஜயதசமி. தங்கச்சி முதல் பில்லைப் போட்டாள், ஐந்து மூட்டை சிமென்ட், 18 சதவீதம்.