கற்பூர சத்தியமும் சிவன் சொத்தும்

சட்டமன்றத் தேர்தல் வந்தால் பக்தியுள்ள வீடுகளில்தான் பட்டுவாடாக்காரர்களுக்கு வேலை சுலபம். ஓட்டுக்கான பணக் கவரைக் கையில் திணித்துவிட்டு, "அக்கா, குலசாமி மேல சத்தியம் பண்ணுங்க" என்று கற்பூரத் தட்டை நீட்டுவார்கள். மாற்றிப் போட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வாக்குச்சாவடி வரைக்கும் கூடவே வரும்.

அந்தச் சத்தியம் கட்டாது என்பது என் வாதம். லஞ்சத்துக்கு எந்தச் சாமியும் சாட்சிக்கு வராது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 123(2)-ஐப் பாருங்கள்: தெய்வக் குற்றம் வரும் என்று வாக்காளரை நம்பவைப்பது தேர்தல் முறைகேடு. வேட்பாளர் சம்மதத்தோடு நடந்ததாகத் தேர்தல் வழக்கில் நிரூபணமானால் அவர் வெற்றியே செல்லாது.

வாங்கி உண்டியலில் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள் சிலர். ஆகாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-வது பிரிவில் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒன்றுதான்; 173-ன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சாமியை ஏன் இதில் பங்காளி ஆக்க வேண்டும்?

ஓட்டு யாருக்கு என்று மெஷின் காட்டிக்கொடுக்காது. போட்ட ஓட்டைச் சரிபார்க்க வரும் விவிபேட் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரியும், பிறகு பெட்டிக்குள் விழுந்துவிடும். வாக்குச்சாவடியில் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டில் உங்கள் வரிசை எண் இருக்கும்; சின்னம் இருக்காது. வெளியே வருவது பூத்தின் மொத்தக் கணக்கு மட்டும். "உங்க தெரு ஏமாத்திடுச்சு" என்று பின்னால் முறைப்பவர் அந்தக் கணக்கை வைத்து ஊகிக்கிறார், அவ்வளவுதான்.

பணப் பட்டுவாடா பற்றிப் புகார் செய்வதென்றால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி. பலர் தவறுவது ஒரே இடத்தில்: முன்பே எடுத்து வைத்த வீடியோவை அது ஏற்காது. செயலிக்குள்ளேயே எடுக்க வேண்டும், 2 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

சரி, யாருக்குப் போடுவது? மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கக் கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு 4-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. அந்தத் தடை கேட்பவருக்கு. போடுகிறவர் தன் நம்பிக்கையை வைத்து அளக்கலாம். நெற்றியில் விபூதி எத்தனை பட்டை என்று அளப்பதில் பயனில்லை. "சிவன் சொத்து குல நாசம்" என்று சொல்லி வளர்ந்தவர்கள் பார்க்க வேண்டியது வேட்பாளரின் நிலக் கணக்கை.

வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்தில் இருக்கும். அசையாச் சொத்துப் பகுதியில் ஒவ்வொரு நிலத்துக்கும் சர்வே எண், பரப்பு, பூர்வீகமா கிரயமா, வாங்கிய தேதி எல்லாம் உண்டு. மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் பெயரில் உள்ளவற்றையும் விடாமல் படியுங்கள். விவகாரமான துண்டு பெரும்பாலும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். அந்தச் சர்வே எண்ணை மாவட்டம், வட்டம், கிராமம், உட்பிரிவோடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் கொடுத்தால் நிலத்தின் உரிமையாளரைக் காட்டும் அ-பதிவேடு வரும். கோயில் நிலமென்றால் உரிமையாளர் இடத்தில் சாமியின் பெயரோ தேவஸ்தானம் என்றோ இருக்கும்.

தனியார் பெயர் வந்தாலும் உடனே திருப்தி அடைய வேண்டாம். 1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். பணியின்போது கோயில் நிலங்கள் பல தனியார் பட்டாவுக்குப் போய்விட்டன. சந்தேகம் இருந்தால் தாலுகா அலுவலகத்தில் யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டை ஒப்பிட வேண்டும். பழைய சர்வே எண் வேறாக இருக்கலாம். இரண்டையும் பொருத்தும் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள்.

பிரமாணப் பத்திரத்தில் வராத ஒன்று, கோயில் நிலத்துக் குத்தகை. அது வேட்பாளரின் சொத்து அல்ல என்பதால் எழுத மாட்டார். குத்தகை பாக்கிப் பட்டியலை அறநிலையத்துறை உதவி ஆணையர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. இறுதி வேட்பாளர் பட்டியல் வந்தபின் வாக்குப்பதிவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம்தான் மிஞ்சும். ஆகவே நிற்கப் போகிறவர் யார் என்று ஊரில் பேச்சு அடிபடும்போதே மனுவைப் போட்டுவிட வேண்டும்.