எரிபொருள் சிக்கனக் கார்: பாகங்கள் வந்து சேர்ந்தன, டயர் காசும் பெட்டிக் காசும் பாக்கி

கார்பன் துணி, எபோக்சி, அலுமினியத் தகடு, லேசர் வெட்டு, லேத் வேலை, ஐந்து முனை சீட் பெல்ட். ஷெல் இக்கோ-மாரத்தான் (குறைந்த எரிபொருளில் அதிக தூரம் ஓடும் போட்டி) புரோட்டோடைப் பிரிவுக்கு நாங்கள் கட்டும் காரின் பொருள் பட்டியலில் இத்தனையும் இந்த மாதத்தோடு அடைபட்டுவிட்டன. இவற்றில் முக்கால்வாசி ரொக்கமாக வரவில்லை; பொருளாகவும் மெஷின் நேரமாகவும் வந்தது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பக்கம் இருக்கும் ஒரு பல்கலைக்கழக அணிக்குப் பிறை, சிம்பாங் அம்பாட், பத்து காவான் தொழிற்பேட்டைகள் எல்லாம் மோட்டார் சைக்கிளில் போய் வரும் தூரம். தீவுக்குப் போகும் பாலத்தைத் தாண்டினால் பாயான் லெப்பாஸ். இந்த வசதியை வைத்துக்கொண்டு வெறும் நன்கொடைக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது வீண்வேலை என்பதுதான் இந்தக் கட்டத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது. விதிப்புத்தகம் எல்லாரிடமும் இருக்கும். 140 கிலோ வரம்பு, 3.5 மீட்டர் நீளம், 700 நியூட்டன் ரோல் பார் சோதனை போன்றவற்றுக்குள் இங்கே போகவில்லை.

முதலில் கடிதம். "எங்கள் காருக்கு இத்தனை ஆயிரம் ரிங்கிட் தேவை, உதவுங்கள்" என்று ஒரு மொத்தத் தொகையைப் போட்டு அனுப்பினால், அது மனிதவளப் பிரிவுக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். காரணம் எளிது: பெரிய தொகைக்கு மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும், அந்த ஆண்டு பட்ஜெட்டோ எப்போதோ பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒரு தகடு, அரை மணி நேர லேசர் வெட்டு, நான்கு பேரிங் என்றால் உற்பத்தி மேலாளரே தலையாட்டிவிடலாம். ஆகவே கடிதம் போக வேண்டிய இடம் மெஷினுக்குப் பக்கத்தில் இருப்பவர்: பராமரிப்பு எஞ்சினியர், டூல் ரூம் சூப்பர்வைசர், நம் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அங்கே வேலைக்குப் போன சீனியர் அண்ணன், அக்கா. சீனியர் வழியாகப் போகும் தாளுக்குப் பதில் வருகிறது. பொது மின்னஞ்சலுக்குப் போவது பெரும்பாலும் கிணற்றில் போட்ட கல்தான்.

தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பாகத்துக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். ஓட்டுநர் அறைக்கும் எஞ்சின் அறைக்கும் நடுவில் வரும் தடுப்புத் தகட்டுக்குப் போன தாள் இப்படி இருந்தது (அனுப்பியது ஆங்கிலத்தில், விவரத்தை மட்டும் தமிழில் தருகிறோம்):

"தடுப்புத் தகடு, 1 எண்ணம். அலுமினியம் 5052 வகை, கனம் 1.5 மி.மீ., விரித்த அளவு 620 × 540 மி.மீ. துளைகள் 14, விட்டம் 5.5 மி.மீ. வளைவுகள் 2, தலா 90 பாகை, உள் ஆரம் 2 மி.மீ. டிஎக்ஸ்எஃப் கோப்பு (மெஷின் படிக்கும் கணினி வரைபடம்) இணைப்பில், அளவு மி.மீ.இல், 1:1. மிச்சத் தகட்டில் வெட்டினாலும் போதும். மேற்பரப்பில் கீறல் இருந்தால் பரவாயில்லை. மற்ற வேலைகளுக்கு இடையே நேரம் கிடைக்கும்போது செய்யலாம்; எங்களுக்கு நான்கு வாரம் அவகாசம் இருக்கிறது. நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம்."

கடைசி நான்கு வரிகளுக்குத்தான் மதிப்பு அதிகம். மிச்சத் தகடு போதும் என்றவுடன் பொருள் செலவு கிட்டத்தட்ட இல்லை. அவசரம் இல்லை என்றவுடன், வாடிக்கையாளர் வேலை வெட்டும்போது அதே பெரிய தகட்டின் ஓரத்தில் நம் பாகத்தையும் சேர்த்து அடுக்கிவிடுகிறார்கள். போக்குவரத்தும் நம் பொறுப்பு என்றால், அவர்கள் பக்கத்தில் யாரும் தனியாக எதையும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை.

டிஎக்ஸ்எஃப் கோப்பில் சொதப்பினால் இந்த நல்லெண்ணம் ஒரே நாளில் கரைந்துவிடும். கோப்பில் அலகு எழுதப்படாமல் போனால் மி.மீ. அங்குலமாகத் திறக்கும், பாகம் 25.4 மடங்கு பெரிதாகத் தெரியும். அது உடனே கண்ணில் படும் என்பதால் ஆபத்து குறைவு. ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த இரட்டைக் கோடு அப்படியில்லை: மெஷின் அதே பாதையில் இரண்டு முறை ஓடி ஓரத்தைக் கருக்கிவிடும். மூடாத வெளிக்கோட்டை மென்பொருள் ஏற்காது. ஸ்ப்லைன் வளைவுகளை வில்லும் நேர்கோடுமாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். பாகத்துக்கு அருகில் தனி லேயரில் 100 × 100 மி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து 'வெட்ட வேண்டாம்' என்று குறித்துவிட்டால், ஆப்பரேட்டர் ஒரே கிளிக்கில் அளவைச் சரிபார்த்துவிடுவார். தகட்டின் கனத்தைவிடச் சிறிய துளையை லேசரில் கேட்காதீர்கள். 6 மி.மீ. தகட்டில் எம்5 மரை போட வேண்டும் என்றால் துளை 4.2 மி.மீ.; லேசரில் அது வட்டமாக வராது, கருகி இறுகிய ஓரமும் மரை வெட்டும் டேப்பை முறிக்கும். மையப் புள்ளியை மட்டும் குறித்துத் தரச் சொல்லி, துளையை நாமே டிரில்லில் போட்டுக்கொள்வதுதான் சரி.

இன்னொன்று: "5052 இல்லை, 6061 இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அடிக்கடி சொல்வார்கள். எஞ்சின் மவுண்ட் மாதிரித் தட்டையான பாகத்துக்கு 6061-டி6 தங்கம் மாதிரி. நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். வளைக்கும் பாகத்துக்கு வேண்டாம். சிறிய ஆரத்தில் வளைத்தால் வெளிப்புறத்தில் மயிரிழை விரிசல் விடும். பெயிண்ட் அடித்த பிறகு தெரியாது, ஓடி அதிர்ந்த பிறகு தெரியும். தவுக்கே (பட்டறை முதலாளி) மனம் நோகாமல் மறுக்க, வளைவு ஆரத்தை வரைபடத்திலேயே காட்டினால் அவரே புரிந்துகொள்வார். பிறையில் லேத் வைத்திருக்கும் அண்ணன்மாரிடம் தாள்கூட வேண்டாம். சக்கர அச்சின் மாதிரியையும் பேரிங்கையும் கையில் எடுத்துக்கொண்டு போய், "அண்ணே, இந்த பேரிங் இதுல இறுக்கமா உட்காரணும்" என்றால் போதும். வரைபடத்தில் போடும் டாலரன்ஸ் எண்ணைவிட உண்மையான பேரிங் அங்கே நன்றாகப் பேசுகிறது.

கார்பன் துணியைக் கேட்கும்போது "கொஞ்சம் துணி" என்று கேட்கக் கூடாது. கணக்கு இப்படி: காரின் 2.8 மீட்டர் நீள வெளிக்கூட்டின் மேற்பரப்பு ஏறக்குறைய 5 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 200 கிராம் துணி இரண்டு அடுக்கு என்றால் 10 சதுர மீட்டர், வெட்டுச் சேதம் 20 விழுக்காடு சேர்த்தால் 12. துணி எடை 2.4 கிலோ. வேக்கம் பேக் (காற்றை உறிஞ்சி அமுக்கும் உறை) இருந்தாலும், கப்பிலும் பிரஷிலும் போவதைச் சேர்த்து ரெசினும் ஹார்டனருமாக 4 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஹார்டனர் மெதுவான வகையாக இருக்க வேண்டும். வெப்பம் 10 பாகை ஏறினால் எபோக்சியின் வேலை நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 25 பாகைக்கு டப்பாவில் போட்டிருக்கும் நிமிடம் நம்மூர் மதியத்துக்குச் செல்லாது. மழைக்குப் பிறகான ஈரக் காற்றில் போட்டால் மேலே மெழுகு மாதிரிப் பிசுபிசுப்பு ஒன்று படியும். அதைத் தண்ணீரும் ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவாமல் அடுத்த அடுக்கைப் போட்டால் ஒட்டாது. மணல்தாள் போட்டால் போகாது, உள்ளேதான் தேய்ந்து இறங்கும்.

சப்ளையர் பற்றி ஒரு குறிப்பு. மீன்பிடிப் படகு பழுதுபார்க்கும் ஃபைபர் பட்டறைகள் கரையோரம் நிறைய இருக்கின்றன, தாராள மனதுள்ளவர்கள். ஆனால் அவர்களிடம் இருப்பது பாலியஸ்டர் ரெசினும் வெட்டிழைப் பாயும். அந்தப் பாயைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்யப்பட்டது. எபோக்சியில் அது கரையாது. பாய் விறைத்துக்கொண்டே நிற்கும், மூலைகளில் படியாது. ஆகவே அந்தப் பாயையும் ரெசினையும் கூட்டை வார்க்கும் அச்சுக்கு வாங்கிக்கொண்டு, கூட்டுக்கு எபோக்சியைத் தனியாகத் தேடுங்கள். எங்கள் அச்சு முழுவதும் அப்படி வந்த பொருள்தான், அருமையாக உட்கார்ந்திருக்கிறது. அச்சுக்கு மெழுகு பூசும்போது அடுக்குகளுக்கு இடையே காயவிட்டு, கடைசியில் பிவிஏ என்ற பிரிப்புத் திரவத்தை அடித்தால் கூடு நோகாமல் கழன்று வரும்.

இனி ரொக்கம். பொருளாகக் கிடைக்காதவை இரண்டே: டயரும் பயணமும்.

குறைந்த உருள் தடை கொண்ட போட்டி டயர் உள்ளூர் சைக்கிள் கடையில் கிடைக்காது. வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும், காசு முன்கூட்டியே போக வேண்டும். "டயருக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்கும் ஸ்பான்சருக்கு நாங்கள் காட்டும் கணக்கு இது. காரும் ஓட்டுநருமாக 90 கிலோ என்றால் எடை விசை சுமார் 883 நியூட்டன். சாதாரண சைக்கிள் டயரின் தடைக் குணகம் 0.006 என்று வைத்தால் தடை 5.3 நியூட்டன், போட்டி டயருக்கு 0.0025 என்று வைத்தால் 2.2. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில், இழுவைப் பரப்பு 0.04 சதுர மீட்டருள்ள கூட்டுக்குக் காற்றுத் தடை சுமார் 1.6 நியூட்டன். சாதாரண டயரில் மொத்தம் 6.9, போட்டி டயரில் 3.8. லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல், எஞ்சின் அதில் கால்பங்கைச் சக்கரத்துக்குத் தருகிறது என்று கொண்டால், முன்னதற்கு லிட்டருக்கு 1,150 கி.மீ. சொச்சம், பின்னதற்கு 2,100. செயின், கிளட்ச், ஒவ்வொரு முறை எஞ்சினைக் கிளப்பும் இழப்பு எல்லாம் இதில் இல்லை. ஓடுபாதையில் எண் கணிசமாகக் குறையும். ஆனால் விகிதம் மாறாது. கூட்டை வழவழவென்று பாலிஷ் போட மாதக்கணக்கில் உழைத்துவிட்டு டயரில் சிக்கனம் பிடிக்கும் அணிகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

இந்தத் தாளைக் காட்டி வாங்கும் காசு எந்தக் கணக்கில் விழுகிறது என்பது அடுத்த கேள்வி. தனிப்பட்ட ஒருவரின் கணக்கிலோ, அவருடைய டூயிட்நவ் (கைப்பேசிப் பணமாற்று) கியூஆரிலோ வாங்காதீர்கள். பல்கலைக்கழக பெண்டஹாரி (நிதி அலுவலகம்) வழியாகத் திறந்த கணக்கில்தான் வாங்க வேண்டும். அதில் உள்ள சிரமம் நேரம்: கொட்டேஷன்கள், ஒப்புதல், ஓர்டர் என்று வாரங்கள் போகும்; முன்பணம் எடுத்தால் ரசீதோடு கணக்கு முடிக்கும்வரை அடுத்த முன்பணம் இல்லை. டயர் மாதிரி வெளிநாட்டுக் கொள்முதலை எல்லாவற்றுக்கும் முன்பே தொடங்கிவிடுங்கள். பொருளாகக் கிடைத்ததற்கும் டெலிவரி ஓர்டரும், மதிப்பைக் குறிப்பிட்ட ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரிவிலக்கு ரசீது கேட்கும் நிறுவனத்திடம் வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற நிதிக்குக் கொடுக்கும் ரொக்கத்துக்குத்தான் அந்த ரசீது. அதைப் பல்கலைக்கழகம்தான் கொடுக்க முடியும், அணி கொடுக்க முடியாது.

பாசாரிலோ பேரங்காடி வாசலிலோ உண்டியல் ஏந்துவதற்கு போலீஸ் அனுமதி வேண்டும். வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிப்பதற்கான 1947ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. வளாகத்தில் உணவு விற்றால், கையாளுபவர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழும் டைஃபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். தீபாவளிக்கு முறுக்கு விற்பதாக இருந்தால் முன்பதிவும் முன்பணமும் வாங்கிவிட்டுச் சுடுங்கள். மேசை போட்டு விற்றால் மிச்சமாகும் போத்தல்தான் லாபத்தைத் தின்னும்.

கூட்டின் பக்கவாட்டில் சின்னம் போடும் இடத்தை விற்பதற்கு முன் விதிப்புத்தகத்தில் சின்னங்கள் பற்றிய பகுதியைப் படியுங்கள். புகையிலை, மதுபானச் சின்னங்கள் கூடாது. போட்டி ஏற்பாட்டாளரின் ஒட்டிகளுக்கும், அவற்றைச் சுற்றிய வெற்றிடத்துக்கும் இடம் விட்ட பிறகுதான் மிச்சம் நம்முடையது. அளவை முன்பே உறுதியாகச் சொல்லிவிட்டு பிறகு சுருக்குவதைவிட, வரைபடத்தில் கட்டம் போட்டுக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவது நல்லது.

அடுத்து, காரை அனுப்பும் பெட்டி. ஆசியப் போட்டி மலேசியாவின் சிப்பாங்கில் நடந்த 2010 முதல் 2013 வரையிலும், மறுபடி 2019இலும், மலேசிய அணிகளுக்கு ஒரு லோரி வாடகையோடு முடிந்த வேலை. இந்தோனேசியாவில் லொம்போக்கின் மண்டாலிக்காவுக்கும், 2025இல் கத்தாரின் லுசெய்லுக்கும் போன பிறகு, சரக்குக் கட்டணம் காரின் விலையோடு போட்டி போடுகிறது. விமானச் சரக்கில் 6,000 கன செ.மீ.க்கு ஒரு கிலோ என்று பருமனை எடையாக்குவார்கள். 3.0 × 0.8 × 0.9 மீட்டர் பெட்டி 2.16 கன மீட்டர். கட்டண எடை 360 கிலோ. உள்ளே இருப்பதோ 40 கிலோ கார். வால் பகுதியைக் கழற்றி உள்ளேயே செருகிப் பெட்டியை 2.3 மீட்டராக்கினால் 276 கிலோ. 84 கிலோ கட்டணம் ஓர் இணைப்பு விளிம்பால் மிச்சமாகிறது. கூட்டின் எடையில் அந்த விளிம்பும் போல்ட்டும் சேர்க்கும் சில நூறு கிராமை மனமாரப் பொறுத்துக்கொள்ளலாம்.

மரப்பெட்டிக்கு ஐஎஸ்பிஎம் 15 (மரத்தில் பூச்சி பரவாமல் தடுக்கும் அனைத்துலக விதி) வெப்பச் சிகிச்சை முத்திரை வேண்டும். பழைய பேலட் பலகையை உடைத்து அடித்த பெட்டியில் முத்திரை இருந்தாலும் அது புதிய பெட்டிக்குச் செல்லாது. பிளைவுட் என்றால் அந்தத் தொல்லையே இல்லை. எஞ்சினிலும் குழாயிலும் பெட்ரோலை வடித்துக் காயவைக்க வேண்டும். லித்தியம் பேட்டரி ஆபத்தான சரக்கு; அதைப் பற்றி ஃபார்வர்டரிடம் (சரக்கு அனுப்பும் முகவர்) முதல் நாளே சொல்லுங்கள். திரும்பிக் கொண்டுவரும் சாமான் என்பதால் ஏடிஏ கார்னே (தற்காலிகமாகக் கொண்டுபோகும் பொருளுக்கான சுங்க ஆவணம்) எடுத்தால் அங்கே சுங்கவரி கட்ட வேண்டியதில்லை. பட்டியலில் ஸ்பேனர்வரை எல்லாம் இருக்க வேண்டும், போனது அத்தனையும் திரும்பி வர வேண்டும்.

அடுத்து காரின் ஹோண்டா ஜிஎக்ஸ்35 எஞ்சினுக்குக் கார்புரேட்டரை எடுத்துவிட்டு எரிபொருள் ஊசி முறை பொருத்த வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. சிறிய துவாரமுள்ள இன்ஜெக்டரும் சென்சார் கம்பிகளும் கேட்டு ஒரு தாள் எழுதியாகிவிட்டது. பாயான் லெப்பாஸ் பக்கத்து சர்க்யூட் போர்டு ஆள்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன், வாலின் இணைப்பு விளிம்பை அச்சிலேயே சேர்க்க வேண்டும். விளிம்பு 25 மி.மீ. அகலம், எம்5 போல்ட் எட்டு. அது எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை ஃபார்வர்டர் தரப்போகும் பெட்டி அளவுதான் முடிவு செய்யும்; அந்தக் கொட்டேஷன் வரும்வரை கார்பன் துணியைப் பிரிக்காமல் உறையோடு வைத்திருக்கிறோம்.