தடித்த மூக்கும் லேசரும்: சிகிச்சை அறை நாட்குறிப்பு

ஜனவரி 6
முகம் சிவந்து கொப்புளம் கிளம்பும் ரோசேசியா என்ற தோல்நோய் முற்றி மூக்கு தடித்துப்போவதுதான் ரைனோபைமா. 50 வயதைத் தாண்டிய ஆண்களிடம்தான் அதிகம். எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து, நுனியும் மடல்களும் முண்டும் முடிச்சுமாகிவிடுகின்றன. ‘குடிகார மூக்கு’ என்று ஊர் சொல்வது வீண்பழி. சொட்டு மது தொடாதவர்களுக்கும் வருகிறது. களிம்பும் மாத்திரையும் சிவப்பையும் கொப்புளத்தையும் அடக்கும். முற்றிய தடிப்பு அவற்றுக்கு மசியாது; அதை நாங்கள் லேசரால் எடுக்கிறோம்.

இன்று நோயாளியிடம் கேள்விகள் மட்டும். முகப்பரு மாத்திரையான ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டிருந்தால் 6 மாதம் பொறுப்பது எங்கள் வழக்கம். ரத்தம் இளக்கும் மாத்திரையை இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. வாயோரம் அக்கி வந்தவருக்கு முன்கூட்டியே அசைக்ளோவிர் என்ற வைரஸ் தடுப்பு மருந்து.

ஜனவரி 13
இடது பக்கம் ஒரு முடிச்சு மட்டும் வேகமாக வளர்ந்திருக்கிறது. முதலில் பயாப்ஸி. இந்தத் தடிப்புக்குள் தோல் புற்று ஒளிந்திருப்பதுண்டு. லேசர் திசுவை ஆவியாக்கிவிடுமே, பிறகு ஆய்வகத்துக்கு எதை அனுப்புவது?

ஜனவரி 22
பயாப்ஸியில் புற்று இல்லை. மரத்துப்போக ஊசி போடும் முன்பே படமெடுத்து, இயல்பான வடிவத்தைக் கோடிட்டாயிற்று. மருந்து இறங்கினால் மூக்கு ஊதி, அளவு ஏமாற்றும். அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன். தோல் வெளுக்க 10 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். கண்ணுக்கு உலோகக் கவசம், சுற்றிலும் ஈரத்துணி, பக்கத்திலேயே புகையுறிஞ்சி. ஸ்பிரிட் கலந்த எதையும் தடவக் கூடாது, தீப்பிடிக்கும்.

கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10,600 நானோமீட்டர் கதிரைத் திசுவிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்கிறது. சின்ன ரத்தக்குழாய்கள் அப்போதே அடைபடுவதால் கத்தியைவிட ரத்தப்போக்கு குறைவு. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு கரியைச் சலைன் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். கரிமேல் மறுபடி சுட்டால் சூடு ஆழத்துக்கு இறங்கித் தழும்பாகும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன். விரலால் அழுத்தினால் துளைகளிலிருந்து சுரப்பியின் எண்ணெய்ப்பசை வெண்ணெய்த் திரி போல வெள்ளையாக வரும். அது வரும்வரை சுரப்பியின் அடிப்பகுதி மிச்சமிருக்கிறது; புதுத்தோல் முளைப்பது அங்கிருந்துதான். திரி குறைந்துகொண்டே வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். மொத்தமாக வழித்துவிட்டால் மூக்கு பளபளவென்று வெளுத்த தழும்பாகிவிடும். மடல் விளிம்பில் இன்னும் கவனம்: ஆழம் மிஞ்சினால் தழும்பு சுருங்கி விளிம்பை மேலே இழுக்கும். கொஞ்சம் விட்டுவைத்தால் பிறகு எடுக்கலாம். எடுத்ததை ஒட்டவைக்க வழியில்லை.

ஜனவரி 24
நீர் வடிகிறது, வீக்கம் இருக்கிறது. இரண்டும் எதிர்பார்த்ததே. நாளுக்குச் சில தடவை சலைன் ஒத்தடம், உடனே கனமாக வாசலின். புண்ணைக் காயவிடுவதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தப்பு. பொருக்குத் தட்டினால் ஆறுவது தாமதமாகும். வலி குறைந்து மறுபடி ஏறினாலோ, சீழ் வைத்தாலோ, கொத்துக்கொத்தாகக் கொப்புளம் வந்தாலோ அன்றே வரவேண்டும்.

பிப்ரவரி 9
மேல்தோல் பெரும்பாலும் மூடிவிட்டது. நிறம் ரோஜா; இந்தச் சிவப்பு சில மாதம் இருக்கும்.

மார்ச் 10
ஓரங்களில் கருமை. நம் நிறத் தோலில் இது அடிக்கடி வரும், மெல்ல மங்கும். வெயிலில் அலைந்தால் மங்காது. தொப்பியும் சன்ஸ்கிரீனும் தவறக் கூடாது.

ஏப்ரல் 21
வலது மடலில் சிறு மேடு மிச்சம். சிவப்பு முழுக்க அடங்கியபின் அதை மட்டும் தொடலாம். ரோசேசியாவுக்கான மெட்ரோனிடசோல் களிம்பு தொடர்கிறது. லேசர் தடிப்பை எடுத்ததே தவிர, நோயை எடுக்கவில்லை.