ஃப்ரீஸ்டைல் என்றால் எதிலிருந்து ஃப்ரீ?

போன மாதம் அக்கா மகனின் நீச்சல் போட்டிக்குப் போயிருந்தேன். 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல். ஏழு பையன்கள் கையை மாற்றி மாற்றி வீசிப் பறக்க, ஓர லேனில் ஒருவன் மட்டும் நிதானமாகத் தவளை நீச்சல் அடித்துக்கொண்டிருந்தான். "தப்பா அடிக்கிறான் சார், டிஸ்குவாலிஃபை பண்ணிருவாங்க" என்று பக்கத்தில் ஒருவர் பதறினார். கடைசியாகத்தான் வந்தான், ஆனால் நேரம் பதிவானது.

விதிப்படி ஃப்ரீஸ்டைல் என்பது ஒரு நீச்சலின் பெயரே இல்லை, எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம். திரும்பும்போது சுவரைத் தொட வேண்டும், குதித்ததும் திரும்பியதும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும், அந்த மாதிரி சில கட்டுப்பாடுகள்தான். கையை மாற்றி மாற்றி வீசும் க்ரால்தான் வேகம் என்பதால் எல்லோரும் அதையே அடித்து, பெயரும் அதற்கே ஒட்டிக்கொண்டது. நாலு வகை நீச்சலையும் வரிசையாக அடிக்கும் மெட்லியில்தான் கூத்து: அங்கே ஃப்ரீஸ்டைல் பகுதியில் மல்லாக்க நீச்சல், தவளை, பட்டர்ஃப்ளை மூன்றுக்கும் தடை!

மல்யுத்தத்தில் கதை வேறு. கிரேக்க-ரோமன் வகையில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. ஃப்ரீஸ்டைலில் காலை வாரலாம். 1952 ஹெல்சின்கியில் கே. டி. ஜாதவ் வாங்கிய வெண்கலம் தொடங்கி, ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இந்தியா வாங்கிய பதக்கம் அத்தனையும் இந்தக் காலை வாரும் வகையில்தான்.

செஸ்ஸில் இன்னும் விசித்திரம். முன்னாள் உலக செஸ் சாம்பியன் பாபி ஃபிஷர் 1996-இல் அறிவித்த ஆட்டத்தைத்தான் இப்போது ஃப்ரீஸ்டைல் செஸ் என்கிறார்கள். பின்வரிசைக் காய்களைக் கலைத்துப் போடுவார்கள். ராஜா இரண்டு யானைகளுக்கு நடுவே, மந்திரிகள் வேறு வேறு நிறக் கட்டத்தில், இதற்கு உட்பட்டு மொத்தம் 960 விதம். எது வரும் என்பது குலுக்கல், ஆடுபவருக்கு அதில் உரிமையே கிடையாது. ஆனால் மனப்பாடம் செய்த தொடக்க நகர்த்தல்களிலிருந்து விடுதலை. 2025-இல் லாஸ் வேகாஸில் பிரக்ஞானந்தா கார்ல்சனை வீழ்த்தியது இந்த ஆட்டத்தில்தான்.

அப்புறம் ராப். ஒரு யூடியூப் 'ஃப்ரீஸ்டைல்' வீடியோவில் அந்தப் பையன் போனைப் பார்த்து வரிகளை வாசிப்பது கண்ணாடியில் அப்பட்டமாகத் தெரிந்தது, எனக்குச் செம கடுப்பு. பிறகுதான் ஞாபகம் வந்தது, எண்பதுகளின் நியூயார்க் ராப்பர்களுக்கு ஃப்ரீஸ்டைல் என்றால் குறிப்பிட்ட விஷயம் எதையும் பற்றியில்லாமல் எழுதி வைத்த வரிகள். அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவது என்ற அர்த்தமெல்லாம் பிற்பாடு வலுத்தது. அந்தக் கணக்கில் பையன் ஏமாற்றவே இல்லை. சரி, ஆனாலும் போட்ட லைக்கை எடுத்துவிட்டேன்.