புரிந்ததா என்ற கேள்வி

செவிலியராகச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில், நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் வேளையில் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விளக்குவதும், "புரிந்ததா?" என்று கேட்பதும், அவர் தலையாட்டியவுடன் அடுத்த கட்டிலுக்கு நகர்வதும் என் வழக்கமாக இருந்தன. அந்தத் தலையாட்டலைப் பதில் என்றே எடுத்துக்கொண்டேன். பெரும்பாலும் அது மரியாதை மட்டுமே என்பது உறைக்க நெடுநாள் ஆயிற்று.

உறைக்க வைத்தவர் ஆஸ்துமா உள்ள ஒரு முதியவர். மூச்சுத்திணறலோடு மூன்றாம் முறையாக வந்து சேர்ந்திருந்தார். மருந்து போதவில்லை என்று கருதி அளவைக் கூட்டுவது பற்றி மருத்துவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்ஹேலரை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டபோதெல்லாம் ஆமாம் என்றார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யும் அல்ல. அன்றைக்கு வார்டில் கூட்டம் குறைவாக இருந்ததால்தான், "ஐயா, வீட்டில் எப்படி எடுப்பீர்களோ அப்படியே ஒருமுறை செய்து காட்டுங்கள்" என்று சொல்லத் தோன்றியது. குலுக்கினார், வாயில் வைத்தார், அழுத்தினார். வெண்புகை உதட்டோரம் கசிந்து வெளியேறிய பிறகு ஆழமாக மூச்சை இழுத்தார். நுரையீரலுக்குப் போனது மிகக் கொஞ்சமாகத்தான் இருந்திருக்கும். மூச்சை முதலில் வெளியே விட்டு, உதடுகளை இறுக மூடி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, 10 நொடி அடக்கி வைக்க வேண்டும் என்று இரண்டு முறை அவருக்கு விளக்கியவள் நான்தான். செய்து காட்டச் சொல்லி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மருத்துவமனையில் சொல்லப்படுவதில் 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துபோகிறது என்றும், நினைவில் நிற்பதிலும் ஏறக்குறைய பாதி தவறாகவே நிற்கிறது என்றும் 2003இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை கூறுகிறது. அதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. அதற்குள் நான் "புரிந்ததா?" என்பதை விட்டுவிட்டு, "நான் சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை, வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்கப் பழகியிருந்தேன். 'டீச் பேக்' என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. தேர்வு வைக்கிறோம் என்ற எண்ணம் வராதபடி கேட்பதில்தான் சிரமம். பிழை இருந்தால் அது சொன்னவருடையது என்று கேள்வியின் தொனியிலேயே தெரிய வேண்டும். இதற்கு நேரம் எங்கே என்று கேட்கும் சக ஊழியர்களிடம், அந்த முதியவர் மூன்று முறை படுத்த கட்டிலின் கணக்கைச் சொல்வேன்.

பிறகு நலக்கல்விப் பணிக்கு மாறினேன். மக்கள் தங்கள் உடல்நலத்தின் மீது தாங்களே கட்டுப்பாடு பெற வழிசெய்வதுதான் நலமேம்பாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் உருவான 1986ஆம் ஆண்டின் ஒட்டாவா சாசனம் சொல்வதை அங்கே பயிற்சியில் மனப்பாடம் செய்தோம். கூட்டத்திலோ பிரசங்கம்தான் செய்தோம். உயர் ரத்த அழுத்தம் பற்றிய ஒரு கூட்டத்தில், ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அளவைச் சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "ஆறு பேருக்கு ஒரே பாத்திரத்தில் சமைக்கிறேன். இதில் என் பங்கு 5 கிராம் என்று எப்படிம்மா அளப்பது?"

என்னிடம் பதில் இல்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு அவரே கணக்குப் போட்டார்: ஆறு பேருக்கு ஒரு நாளைக்கு 30 கிராம், மாதத்துக்கு 900. "அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் மாதக் கடைசியில் மிஞ்ச வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு தீர்ந்துவிடுகிறது" என்றார். கடையில் வாங்கித் தின்பவற்றிலும் உப்பு இருப்பதால், பாக்கெட் இன்னும் கூடுதலாகவே மிஞ்ச வேண்டும் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன்.

இப்போது அந்தக் கூட்டங்களை நான் கிராமில் தொடங்குவதில்லை. "உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருகிறது?" என்று கேட்டுவிட்டு, பேச்சை அவர்களிடம் விட்டுவிடுகிறேன்.