லட்சம் பேர் பார்த்தார்களாம். வீட்டைப் பார்க்க வந்தவர் யார்?

எங்கள் அலுவலகத்தின் சமூக ஊடகப் பக்கங்களைக் கவனித்துக்கொண்ட நிறுவனம் மாதம் தவறாமல் ஓர் அறிக்கை அனுப்பும். வழவழப்பான பக்கங்கள், மேல்நோக்கிய பச்சை அம்புகள், ரீச், வியூஸ், ஃபாலோயர், எங்கேஜ்மென்ட் என்று கொட்டை எழுத்தில் எண்கள். வீடு வாங்கவும் விற்கவும் தரகு செய்யும் எங்களுக்கு வேண்டியவை மட்டும் அதில் இருக்காது: யார் அழைத்தார்கள், யார் வீட்டைப் பார்க்க வந்தார்கள், யார் தங்கள் வீட்டை விற்றுத்தரும்படி எங்களிடம் ஒப்படைத்தார்கள். "இதனால் ஒரு வீடாவது விற்றதாம்மா?" என்று முதலாளி கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் புறப்பட்டதில் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு அதில் பாதியாவது மிச்சமாகட்டும்.

ஒரு மாத அறிக்கை, எங்கள் பதிவுகளை லட்சம் பேர் பார்த்ததாகச் சொன்னது. முதலில் அந்த லட்சத்தைப் பார்த்துவிடலாம். ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டும் ரீல்ஸ் எடுத்தபோது, அழையாமல் வந்த பூனை ஒன்று மாடிப்படியில் உட்கார்ந்து கேமராவை முறைத்தது. அந்த மாத எண்ணிக்கையைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பூனைதான். பின்னூட்டம் முழுக்க அதைப் பற்றியே. "வீட்டோடு பூனையும் வருமா?" என்பதுதான் விலை விசாரிப்புக்கு மிக அருகில் வந்த கேள்வி. பார்த்தவர்களின் ஊர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கினால், நாங்கள் வீடு விற்கும் பகுதி அதன் முன்வரிசையிலேயே இல்லை. அறிக்கையில் அதற்கு வைத்திருந்த தலைப்பு: "சாதனை மாதம்".

எண்களைக் கிளறக் கிளற வேறு சங்கதிகளும் வந்தன. இன்ஸ்டாகிராம் 2024 ஆகஸ்டில் 'வியூஸ்' என்பதையே முதன்மை அளவாக முன்னிறுத்தப்போவதாக அறிவித்தது. ரீச் என்றால் எத்தனை கணக்குகள் பார்த்தன என்பது. வியூஸ் என்றால் எத்தனை முறை ஓடியது என்பது. ஒருவரே திரும்பத் திரும்ப ஓடவிட்டாலும் ஒவ்வொரு முறையும் ஏறும். யூடியூப் ஷார்ட்ஸும் 2025 மார்ச் 31 முதல், ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று கணக்கிடுகிறது. எனவே "போன வருடத்தைவிட வளர்ச்சி" என்று யாராவது வரைபடத்தை நீட்டினால், எண்ணும் முறை நடுவில் மாறியதா என்று முதலில் கேளுங்கள். எங்களுக்கு வந்த அறிக்கையில் சில மாதங்கள் இம்ப்ரெஷன், அதாவது பதிவு திரையில் தோன்றிய தடவைகள்; பிறகு வியூஸ். இரண்டும் ஒரே கோட்டில் கைகோத்து ஏறிக்கொண்டிருந்தன. லைக், பின்னூட்டம், பகிர்வு எல்லாம் சேர்ந்ததுதான் எங்கேஜ்மென்ட். அதன் விகிதத்தில் இன்னும் கெட்டிக்காரத்தனம். ஒரு மாதம் ஃபாலோயர் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள், மறுமாதம் ரீச்சால். எதனால் வகுத்தால் விடை பெரிதாக வருகிறதோ, அது.

இனி பிடிஎஃப் வேண்டாம், கணக்குகளை நேரடியாகப் பார்க்கும் உரிமையைக் கொடுங்கள் என்று கேட்டதும்தான் உண்மையான வேடிக்கை தொடங்கியது.

"அட்மின் உரிமை கொடுப்பது எங்கள் நடைமுறையில் இல்லை, மேடம். எந்த எண் வேண்டுமோ சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறோம்."

"எங்கள் பக்கம்தானே, தம்பி?"

"பக்கம் உங்களுடையதுதான், மேடம். நிர்வாகம் எங்களுடையது."

இந்த வேதாந்தத்தை நான் பல பேரிடம் பல தொனிகளில் கேட்டேன். மின்னஞ்சல் அனுப்பினால் "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்பார்கள். மேலிடத்தை அழைத்தால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்வார்கள். நேரில் போனேன்; பொறுப்பாளர் விடுப்பில் இருந்தார். கடைசியில், அடுத்த பில்லுக்குப் பணம் வராது என்று முதலாளி ஒரே ஒரு வரி எழுதினார். பக்கத்தின் முழுக் கட்டுப்பாடு அன்று மாலையே வந்து சேர்ந்தது. நடைமுறை எங்கே போனதோ தெரியவில்லை.

விளம்பரக் கணக்கு மட்டும் வரவில்லை, வரவும் வராது. ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவில், ஒரு நிறுவனம் தன் பக்கங்களையும் கணக்குகளையும் ஒன்றாக வைத்து நிர்வகிக்கும் இடத்துக்கு பிசினஸ் போர்ட்ஃபோலியோ என்று பெயர். ஒரு விளம்பரக் கணக்கை எந்த நிறுவனத்தின் போர்ட்ஃபோலியோவுக்குள் உருவாக்குகிறார்களோ, அதிலிருந்து அதைப் பெயர்த்தெடுக்க முடியாது. வேறொருவருக்கு அனுமதி தரலாம், அவ்வளவுதான். எங்கள் பணத்தில் ஓடிய விளம்பரங்களின் வரலாறு முழுவதும் அவர்களுடைய வீட்டில் இருக்கிறது. ஆகவே யாரிடம் வேலையைக் கொடுத்தாலும், உங்கள் பெயரில் போர்ட்ஃபோலியோவைத் தொடங்கி, அதற்குள் விளம்பரக் கணக்கை உருவாக்கி, அவர்களைப் பங்காளியாகச் சேருங்கள். முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. பிறகு செய்யலாம் என்று விட்டால் அந்தப் பிறகு வராது.

கதவு திறந்த பிறகு கண்டது அதைவிடக் கொடுமை. ஃபேஸ்புக்கின் உடனடிப் படிவங்கள் வழியாகப் பெயரும் எண்ணும் கொடுத்தவர்களின் விவரத்தை 90 நாட்கள் வரைதான் தரவிறக்க முடியும். அதற்கு முந்தையவை போனது போனதுதான். எஞ்சியவற்றை எங்களுக்கு வந்த பட்டியலோடு ஒப்பிட்டேன். சனிக்கிழமை காலையில் வீடு கேட்டுப் படிவம் நிரப்பியவரின் பெயர், அடுத்த வாரக் கடைசியில் வரும் எக்செல் தாளில் எங்களுக்கு வந்திருக்கிறது. நாங்கள் அழைத்தபோது அவர் வேறு தரகரோடு வீடு பார்த்து முடித்திருப்பார். "நீங்கள் யார்? நான் எதுவும் கேட்கவில்லையே" என்றவர்களும் உண்டு; அவர்கள் மேல் குற்றமில்லை. ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் 2011இல் வந்த ஓர் ஆய்வு, விசாரித்தவரை ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொள்ள முயன்ற நிறுவனங்களுக்கு, முடிவெடுப்பவரோடு உருப்படியாகப் பேசும் வாய்ப்பு, அதன் பின் முயன்றவர்களைவிட ஏறத்தாழ 7 மடங்கு இருந்ததாகச் சொன்னது. நாங்கள் வாரக்கணக்கில் ஆற வைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தோம். விளம்பரம் சரியில்லை, லீட் (விவரம் கொடுத்து விசாரித்தவர்) தரமில்லை என்று எத்தனை கூட்டங்கள் போட்டோம்! ஒரு கூட்டத்திலாவது அந்த எக்செல் தாள் எப்போது வருகிறது என்ற பேச்சு வந்ததில்லை. இப்போது படிவம் வந்த நேரம், முதல் அழைப்பு போன நேரம் இரண்டும் எங்கள் கணக்கில் முதல் இரு கட்டங்கள்.

படிவத்தைப் பற்றி இன்னொன்று. பெயரையும் எண்ணையும் ஃபேஸ்புக்கே நிரப்பித் தந்துவிடுவதால், கை தவறித் தொட்டவரும் லீட் ஆகிவிடுகிறார். அனுப்புமுன் விவரத்தைச் சரிபார்க்கச் சொல்லும் வகைப் படிவம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, எப்போது வீட்டுக்குக் குடிவர நினைக்கிறீர்கள் என்று ஒரு கேள்வியையும் சேர்த்தோம். லீட் எண்ணிக்கை சரிந்தது. அலுவலகத்தில் ஒரே பதற்றம். வீடு பார்க்க வருகிறவர்கள் மட்டும் குறையவில்லை.

இணையதளத்துக்கு வருகிறவர்களை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4ஐ எங்கள் தளத்தில் அமைத்தது பெரிய கதையில்லை, ஆனால் இரண்டு பொறிகள் இருந்தன. விரிவான ஆய்வுகளுக்கான தரவு, யாரும் கை வைக்காவிட்டால், 2 மாதங்கள்தான் நிற்கும். அமைப்புகளுக்குள் போய் 14 மாதங்களாக மாற்ற வேண்டும். ஒரு சட்டை வாங்குகிறவரை அளக்க 2 மாதம் போதும். வீடு வாங்குகிறவர் அந்தக் காலத்தில் இன்னும் மாமனாரிடமே பேசியிருக்க மாட்டார். இரண்டாவது, தளத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை ஒருவர் தொட்டால் அது தானாகப் பதிவாகாது. தளத்தில் எதை அளக்க வேண்டும் என்று அமைக்க உதவும் கூகுளின் டேக் மேனேஜரில் அதற்கென்று அமைத்து, அனலிட்டிக்ஸில் 'கீ ஈவென்ட்' (நமக்கு முக்கியமான செயல்) என்று குறிக்க வேண்டும். 2024 மார்ச் வரை இதற்குக் கன்வர்ஷன் என்று பெயர். பழைய காணொளிப் பாடங்களைப் பார்த்து அந்தப் பெயரைத் தேடிக் கண் பூத்துப்போகாதீர்கள்.

வருகிறவர் எங்கிருந்து வந்தார் என்று காட்ட இணைப்பின் வாலில் ஒட்டும் யுடிஎம் குறிகளை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள்தான் எங்களுக்குப் போட்டுக்கொடுத்தார்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகக் கணக்காகும் என்பது அவர்களுக்கு எட்டவில்லை. ஒரே ஃபேஸ்புக் எங்கள் அறிக்கையில் மூன்று அவதாரம் எடுத்திருந்தது: முதலெழுத்து பெரிதாக ஒன்று, எல்லாம் சிறிதாக ஒன்று, சுருக்கப் பெயரில் ஒன்று. மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகுதான், பயனில்லை என்று நிறுத்தவிருந்த விளம்பரத் தொடர் ஒன்று மற்றவற்றைவிட நன்றாக வேலை செய்திருப்பது தெரிந்தது. இப்போது இணைப்புகளை ஒரே ஒருவர், ஒரே தாளிலிருந்து, சிறிய எழுத்தில் மட்டும் தயாரிக்கிறார். வேறு யாரும் தொடக்கூடாது என்பது அலுவலகச் சட்டம்.

இதையெல்லாம் செய்தும் ஒரு பெரிய ஓட்டை அடைபடவில்லை. வீடு வாங்குகிறவர்கள் இணைப்பை வாட்ஸ்அப்பில் மனைவிக்கும் அண்ணனுக்கும் அனுப்புகிறார்கள். அங்கிருந்து வருகிறவர்கள், இணைப்பில் குறி இல்லாவிட்டால், நேரடி வருகை என்ற பொத்தாம்பொதுவான பெட்டியில் விழுகிறார்கள். இதற்குக் கிடைத்த வழிதான் இத்தனை அலைச்சலிலும் நான் பெருமைப்பட்டுக்கொள்ளும் ஒரே விஷயம். வாட்ஸ்அப் உரையாடலை நேராகத் திறக்கும் இணைப்பில், அனுப்ப வேண்டிய செய்தியையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண், ஒவ்வொரு ஊடகத்துக்கும் ஓர் எழுத்து. "வீடு 214-இ பற்றி அறிய விரும்புகிறேன்" என்று செய்தி வந்தால், இன்ஸ்டாகிராமிலிருந்து என்று அர்த்தம். அழித்துவிட்டு வேறு எழுதுவார்களோ என்று பயந்தேன். பெரும்பாலோர் அப்படியே அனுப்புகிறார்கள். எந்தக் கட்டணமும் இல்லை, எந்த டேஷ்போர்டும் இல்லை.

தொலைபேசி அழைப்புகளுக்கு இந்த வழி கிடையாது. "எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?" என்று கேட்டால் எல்லாரும் "இன்டர்நெட்டில்" என்றார்கள், அல்லது வாசலில் நட்ட பலகையைப் பார்த்ததாகச் சொன்னார்கள். வரவேற்பில் இருக்கும் அக்கா அந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினார்: "எந்த வீடுங்க? அதில் எந்தப் படம் பிடித்திருந்தது?" சமையலறை வீடியோ என்றால் ரீல்ஸ், வரைபடம் என்றால் இணையதளம், "படமா? போர்டுதான் பார்த்தேன்" என்றால் பலகை. ஊடகத்தைக் கேட்டால் வராத பதில், வீட்டைக் கேட்டால் வருகிறது. தாளில் பேனாவால் குறித்து வைத்தார். அந்தத் தாளைத்தான் இன்றும் அதிகம் நம்புகிறேன்.

விற்பவர்கள் கதை தனி. ஒரு பெண்மணி வீட்டை விற்றுத்தரச் சொல்லி வந்தார். எங்கள் பக்கத்தை நீண்ட காலமாகப் பார்த்துவருவதாகச் சொன்னார். பக்கத்துத் தெரு வீடு எத்தனை நாளில் விற்றது என்று நாங்கள் போட்ட பதிவு வரை நினைவில் வைத்திருந்தார். ஒரு லைக் போட்டதில்லை, ஒரு பின்னூட்டம் எழுதியதில்லை. எந்த எங்கேஜ்மென்ட் கணக்கிலும் இவர் இல்லை. எங்களுக்கு லைக் போடுகிறவர்களில் பெரும்பாலோர் சக தரகர்கள், வீடு விற்கிறவரின் உறவினர்கள், பிறகு பூனைப் பிரியர்கள். அதனால் லைக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எத்தனை பேர் பதிவைச் சேமித்து வைத்தார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்பதையே பார்க்கிறோம். யாருக்கோ அனுப்புகிறார் என்றால் வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது என்று பொருள். அதிகம் சேமிக்கப்படும் பதிவுகள், விற்ற விலை நிலவரத்தைச் சொல்பவை. பார்க்க அழகாக ஒன்றும் இருக்காது. முந்தைய நிறுவனம் அவற்றை "ரீச் குறைவு" என்று நிறுத்தச் சொல்லியிருந்தது.

இப்போது மாதக் கணக்கு ஒரே பக்கம். ஊடகவாரியாக விசாரித்தவர்கள், நேரில் வீடு பார்த்தவர்கள், விற்க வந்த வீடுகள், முடிந்த ஒப்பந்தங்கள், ஒரு வீடு பார்க்கும் வருகைக்கு ஆன விளம்பரச் செலவு. மெட்டா காட்டும் எண்ணும் எங்கள் எண்ணும் ஒத்துப்போகாது; போகவேண்டியதும் இல்லை. விளம்பரத்தைச் சொடுக்கி 7 நாட்களுக்குள்ளோ, வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள்ளோ எதையாவது செய்தவரை அது இயல்பாகவே தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அதே ஆள் எங்கள் பலகையையும் பார்த்திருப்பார். இரண்டையும் பொருத்திப் பார்க்க உட்காராதீர்கள், ராத்தூக்கம் போய்விடும்.

பழைய நிறுவனம், விளம்பரக் கணக்கின் பழைய தரவை எடுத்துத் தருவதற்குத் தனிக் கட்டணம் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறது. முதலாளி இன்னும் பதில் எழுதவில்லை. புதிதாக ஆள் தேடியபோது, கணக்குகள் அனைத்தும் எங்கள் பெயரில் இருக்கும், விசாரித்தவர் விவரம் வந்த நிமிடமே எங்களுக்கு வரவேண்டும் என்ற இரண்டு வரிகளை ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே எழுதி அனுப்பினோம். வியூஸ் பற்றி அருமையாகப் பேசிவிட்டுப் போனவர்களில் சிலர், அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை.